நான்காம் அத்தியாயம்: எந்தக் கடையில் கற்பது, எதற்குக் காசு கொடுப்பது

ஸ்கூபா கற்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். முதலில், "பாடி நல்லதா, எஸ்எஸ்ஐ நல்லதா?" அடுத்து, "எவ்வளவு ஆகும்?" மூன்றாவதாக, "எத்தனை நாளில் கார்டு கைக்கு வரும்?" சொல்லித்தரப் போகிறவர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க நாலு வீட்டில் விசாரிக்கிறோம். பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு நம்மையே கூட்டிக்கொண்டு போகிறவரைப் பற்றி விசாரிக்கத் தோன்றுவதில்லை.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாடி என்றதும் சென்னைக்காரர்களுக்கு மேம்பாலம்தான் ஞாபகம் வரும். இது அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய டைவிங் ஆசிரியர் சங்கம். எஸ்எஸ்ஐ 1970இல் வந்தது. இரண்டுக்கும் மூத்தது 1960இல் தொடங்கிய நாவி. ஐரோப்பாவில் சீமாஸ், 1959. அதன் முதல் தலைவர் ழாக் கூஸ்தோ. எமில் கன்யானோடு சேர்ந்து 1943இல், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் இன்றைய ரெகுலேட்டரின் மூதாதையைச் செய்தவர். பிரிட்டனில் 1953இலிருந்து கிளப் முறையில் நடக்கும் பிஎஸ்ஏசி. ஏஜென்சிகள் எனப்படும் இவை எல்லாம் தொடக்கநிலைச் சான்றிதழ் கார்டு ஒன்று தருகின்றன. அந்தமானின் ஹேவ்லாக்கில் வாங்கிய எஸ்எஸ்ஐ கார்டை மாலத்தீவிலும் எகிப்திலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள், பாடி கார்டையும் அப்படியே.

ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஏஜென்சிகளின் தொடக்கநிலைப் பாடங்கள் ஐஎஸ்ஓ 24801-2 என்ற பொதுத் தரத்துக்கு ஒத்துப்போகிறவை. அந்தத் தரம் சொல்லும் ஆள் எப்படிப்பட்டவர் தெரியுமா? தன்னைப் போலவே புதிதாகக் கற்ற இன்னொருவரோடு ஜோடி சேர்ந்து, ஆசிரியர் துணை இல்லாமல், 20 மீட்டர் வரை தானே திட்டம் போட்டு இறங்கிப் பத்திரமாக ஏறி வரத் தெரிந்தவர். பாடியும் எஸ்எஸ்ஐயும் 18 மீட்டரோடு நிறுத்திக்கொள்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிகிற நாளில், பக்கத்தில் இருக்கும் சக மாணவரைப் பார்த்து, "நாளைக்கு நாம ரெண்டு பேர் மட்டும் இறங்கலாமா?" என்று கேட்டால் வயிறு கலங்குகிறதா? அப்படியானால் கார்டு வந்துவிட்டது, படிப்பு வரவில்லை. கொடுத்த காசுக்கு உரியது கிடைத்ததா என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஏஜென்சி வேறு, கடை வேறு

பாடியைத் தொடங்கியவர்கள் இருவர். ஜான் குரோனின் டைவிங் சாதன விற்பனையாளர். ரால்ஃப் எரிக்சன் நீச்சல் சொல்லித்தருகிறவர். விற்பனையும் வாத்தியார் வேலையும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் இந்தப் பாடங்கள் பட்டாளப் பயிற்சி மாதிரி வாரக்கணக்கில் இழுக்கும், தாங்கியவர் தேறுவார். அதைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு கார்டு என்று ஆக்கியது புதிய முறை. இதனால் நன்மை இல்லாமல் இல்லை. ஐம்பது வயதில், முழங்கால் வலியோடு, இரண்டு வார விடுமுறை மட்டுமே உள்ள ஒருவர் கடலுக்குள் போக முடிகிறது என்றால் அந்த மாற்றம்தான் காரணம். ஆனால் டைவர்கள் கூடுகிற இடங்களில் பாடி என்ற எழுத்துகளுக்கு ஒரு கேலி விரிவாக்கம் உண்டு: புட் அனதர் டாலர் இன். இன்னும் ஒரு டாலர் போடு என்று அர்த்தம். எஸ்எஸ்ஐ மட்டும் சளைத்ததா? 2014இல் அதை ஹெட் குழுமம் வாங்கியது. டென்னிஸ் மட்டை விற்கிற அதே ஹெட். டைவிங் சாதனங்கள் செய்கிற மாரெஸ் அவர்களுடையதுதான்.

ஏஜென்சி பாடத்திட்டம் எழுதும், ஆசிரியரைத் தேர்வு வைத்துத் தேற்றும், கார்டு போட்டுத் தரும். உங்கள் முன்னால் நிற்கிற கடையும் ஆசிரியரும் அதற்கு வருடா வருடம் சந்தா கட்டுகிறவர்கள். வாசலில் 'ஃபைவ் ஸ்டார்' பலகை தொங்கினால் ஓட்டல் நட்சத்திரத்தைப் போல நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடை என்னென்ன பாடங்கள், சேவைகள் தருகிறது என்பதைச் சொல்கிற வணிகப் படிநிலை அது. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிற ஆளின் பொறுமையை அது அளப்பதில்லை.

குறைந்தபட்சம் என்பது எவ்வளவு குறைவு

பாடியின் தொடக்கநிலைப் பாடமான ஓபன் வாட்டரை எடுத்துக்கொள்வோம், உலகில் பலரும் படிப்பது அதைத்தான். கொஞ்சம் தியரி. நீச்சல் குளத்தில் அல்லது ஆழமில்லாத கரையோரத்தில் ஐந்து அமர்வுகள். கடலில் நான்கு முழுக்குகள். ஒரு முழுக்கு கணக்கில் சேர, தண்ணீருக்குள் 20 நிமிடம் இருந்தால் போதும். நான்கும் சேர்ந்து 80 நிமிடம். தமிழ்ப் படத்தில் இடைவேளை வந்திருக்கும். கடலில் ஓர் ஆசிரியரிடம் எட்டு மாணவர்கள் வரை இருக்கலாம், உதவியாளர் சேர்ந்தால் இன்னும் கூடலாம். இனி அந்த ஆசிரியர். ஆசிரியர் தேர்வு எழுத, டைவராகி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், 100 முழுக்குகள் கணக்கில் இருக்க வேண்டும். அதாவது போன வருடம் இதே நேரத்தில் கடலில் காலே நனைக்காத ஒருவர் இன்றைக்கு உங்கள் உயிருக்குப் பொறுப்பாளராக நிற்க முடியும். விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை.

இந்த எண்களை ஏஜென்சியைக் குறை சொல்வதற்காக எடுத்து வைக்கவில்லை. இவை தரைமட்டம். நல்ல ஆசிரியர் இதற்கு மேல் எவ்வளவும் கட்டலாம்; ஐந்தாவது முழுக்கு சேர்க்கலாம், குளத்தில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அவசரக்காரக் கடை தரைமட்டத்தையே கூரை என்று விற்கும். இரண்டு கடையிலும் கிடைப்பது ஒரே கார்டு. விலையில் வித்தியாசம் ஏன் என்பது இப்போது புரியும்.

என் கதையைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், அந்தக் கடை இன்னும் நடக்கிறது. ஆறு பேர் ஒரு குழு, ஓர் ஆசிரியர், மூன்று நாள். இரண்டாம் நாள் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சி. மணல் தரையில் வரிசையாக மண்டி போட்டிருந்தோம். ஆசிரியர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கையைக் காட்டுவார். நாம் மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கொஞ்சம் விலக்கித் தண்ணீரை விட வேண்டும், பிறகு ஊதி வெளியேற்ற வேண்டும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, புருவம் வரைகூட ஏறாத கொஞ்சம் தண்ணீரை விட்டு, ஒரே ஊதில் தள்ளிவிட்டேன். விரல்களை வளையமாக்கி ஓகே காட்டினார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். மொத்தம் பத்து விநாடி இருக்கும். மூன்றாம் நாள் மாலை கார்டுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரில், 14 மீட்டரில், முன்னால் போன ஒருவர் காலில் மாட்டிய ஃபின் என் மாஸ்க்கைத் தட்டிவிட்டது. முழுசாகத் தண்ணீர். மூக்கு வழியாக இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பாடமும் ஞாபகம் வரவில்லை. மேலே, மேலே என்பது மட்டும்தான். கூட வந்த வழிகாட்டி நான் போட்டிருந்த பிசிடி என்ற காற்றடைக்கும் மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துக் கீழே நிறுத்தி, ரெகுலேட்டரை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்திருப்பேன். 10 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்கு இடம் கேட்கும். வாயை மூடியிருந்தால் நுரையீரல்தான் கிழியும். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களின் திறமையெல்லாம் மூச்சை அடக்குவதில் இருந்தது. ஸ்கூபாவின் முதல் சட்டம் மூச்சை அடக்கவே கூடாது என்பது. இந்தச் சட்டம் எனக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு தெரியும்.

பிறகு வேறோர் ஆசிரியரிடம் இரண்டு நாள் குளத்தில் இருந்தேன். அவர் செய்தது ஒன்றே ஒன்று. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, "சும்மா நீந்திட்டு வாங்க சார்" என்றார். முதல் தடவை நாலு கை நீந்தியதும் எழுந்துவிட்டேன். மறுநாள் மாலை குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மாஸ்க் இல்லாமல், வாயால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு போய் வந்தேன். மூக்கில் தண்ணீர் இருக்கும்போதும் வாயால் இழுத்து மூச்சுவிட முடியும் என்று உடம்பு நம்ப வேண்டும். அதை மூளைக்குச் சொல்லிப் பயன் இல்லை.

பாடியின் விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு திறனில் தேறிவிட்டதாகச் சொல்ல வேண்டுமானால், மாணவர் அதைப் பதற்றமில்லாமல், சரளமாக, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்கிறது விதி. திரும்பத் திரும்ப என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இன்னொரு தடவை செய்யணும்" என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்கு முகம் சுளிக்கிற ஆசிரியரிடம் அடுத்த நாள் போகாதீர்கள், கட்டிய பணம் போனாலும் சரி.

போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

கடைக்குப் போனதும் விலைப் பட்டியலைக் கேட்காதீர்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் குளத்தங்கரையில் அரை மணி உட்கார்ந்திருக்க அனுமதி கேளுங்கள். நல்ல கடை நாற்காலி போடும்.

பார்க்க வேண்டியது மாணவர்களின் முழங்காலை. எல்லாப் பயிற்சியையும் தரையில் மண்டி போட்டே செய்கிறார்களா, அல்லது நடுத்தண்ணீரில் மிதந்தபடி செய்கிறார்களா? மண்டி போட்டால் ஆசிரியருக்கு வசதி. ஆறு பேரும் இருந்த இடத்தில் இருப்பார்கள். ஆனால் பவளத்தின் மேல் மண்டி போட முடியாது. நடுக்கடலில் மண்டி போடத் தரையும் இல்லை. பத்து வருடங்களுக்கும் முன்பே பாடி தன் தொடக்கநிலைப் பாடத்தைத் திருத்தியபோது மிதப்புக் கட்டுப்பாட்டுக்கு அழுத்தம் கூட்டியது. கூட்டியும் பல கடைகளில் பழைய மண்டியே தொடர்கிறது.

அடுத்து, இடுப்பில் கட்டுகிற ஈயம். ஆளைப் பார்த்ததுமே "உங்களுக்கு எட்டு கிலோ" என்று தூக்கிக் கொடுத்தால் அந்தக் கடையில் சோம்பல் இருக்கிறது. பாரம் கூடினால் புது மாணவர் சட்டென்று கீழே போவார், ஆசிரியருக்கு நேரம் மிச்சம். அந்த மாணவர் பிசிடியில் காற்றை ஏற்றி ஏற்றிச் சமாளிப்பார், காற்று சீக்கிரம் தீரும், தரையை உதைத்துக்கொண்டே நீந்துவார். சரியான முறைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். மேற்பரப்பில் பிசிடியைக் காலி செய்து, சாதாரண மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும்; மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். இதை முழுக்கு முடிந்து சிலிண்டர் ஏறத்தாழக் காலியான பிறகு பார்ப்பது இன்னும் நல்லது. காற்றுக்கு எடை இல்லையென்று நாம் நினைக்கிறோம். 11 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருப்பது 2,200 லிட்டர் காற்று. அதன் எடை இரண்டரை கிலோவுக்கு மேல். ஏறும்போது அந்த எடை உங்களிடம் இருக்காது.

இதே கணக்கை ஆசிரியர் சொல்லித்தருகிறாரா என்றும் கவனியுங்கள். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார், ஏனென்றால் அங்கே அழுத்தம் மூன்று மடங்கு. பதறினால் இன்னும் கூடும். சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும் என்று மாணவரே கணக்குப் போட்டுச் சொல்லும்வரை விடாத ஆசிரியர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். "முள் சிவப்புக்கு வந்தா கையைக் காட்டுங்க, நான் பார்த்துக்குறேன்" என்கிறவர் வழிகாட்டியாக இருக்கலாம். ஆசிரியர் வேலை அது அல்ல.

வாடகைச் சாமான்களையும் ஒரு பார்வை பாருங்கள். வாயில் வைக்கும் ரப்பர் கடித்துக் கிழிந்திருக்கிறதா, சிலிண்டரைத் திறக்காதபோது அழுத்தமானியின் முள் சுழியத்தில் நிற்கிறதா, பொத்தானை அழுத்தாமலே பிசிடி தானாக உப்புகிறதா. ரெகுலேட்டரிலிருந்து வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம், யார் என்ன சமாதானம் சொன்னாலும்.

கடைசியாக, சொல்லித்தரப் போகிறவர் யார் என்ற, யாரும் கேட்காத அந்தக் கேள்வி. எத்தனை வருடமாகச் சொல்லித்தருகிறீர்கள், எந்தக் கடலில், ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவீர்கள்? கூச்சப்படாமல் கேட்கலாம். பதிலைவிட, கேட்டதும் அவர் முகம் போகிற போக்கு நிறையச் சொல்லும். நான்கு பேருக்கு மேல் ஒரே ஆசிரியர் என்றால் நான் சேர மாட்டேன். விதி எட்டு பேரை அனுமதிக்கட்டும். ஆசிரியர் எண்ணை வாங்கி ஏஜென்சியின் இணையதளத்தில் போட்டால் அவருடைய தகுதி இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீசிங் கதை

படிவங்களோடு ஒரு மருத்துவக் கேள்வித்தாளும் தருவார்கள். ஒரு மேசையில் என் காதால் கேட்ட உரையாடல் இது.

"அண்ணா, சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. இப்ப இல்ல. என்ன போடுறது?"

"எல்லாத்துக்கும் 'நோ' போடு தம்பி. 'யெஸ்' போட்டா டாக்டர் லெட்டர் கேப்பாங்க, இன்னைக்கு போட் போயிடும்."

அந்தக் கடையின் தரத்தைத் தெரிந்துகொள்ள இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 'ஆம்' என்றால் டைவிங் கூடாது என்று அர்த்தம் இல்லை, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, முன்பு நுரையீரல் சுருங்கிப்போனது, காதில் அறுவை சிகிச்சை: இவை இருந்தவர்கள் ஊரிலேயே கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். படிவத்தை ஏஜென்சியின் தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். சளி பிடித்திருந்தால் காது அடைத்துக்கொள்ளும், ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். தள்ளிப் போடுகிறார்களா என்பதும் ஒரு சோதனைதான்.

நீச்சல் பற்றிப் பயப்பட வேண்டாம். 200 மீட்டர் நேரக் கணக்கில்லாமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். கிணற்றில் சுரைக்காய்க் குடுக்கை கட்டிக் கற்ற நீச்சல் போதும். ஆனால் இதையும் வைக்காமல் விடுகிற கடைகள் உண்டு. விட்டால் சந்தோஷப்படாதீர்கள்.

போட்டோ ஸ்கூபா

அந்தமானிலோ கோவாவிலோ அரை மணி நேரம் இறங்கி, மீனோடு வீடியோ எடுத்துக்கொண்டு, சுருட்டிய காகிதத்தில் ஒரு 'சர்டிஃபிகேட்'டும் வாங்கி வருகிறோமே, அது வேறு. அது ருசி காட்டுவது. 12 மீட்டருக்குள், ஆசிரியர் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போவார். நல்ல அனுபவம்தான், முழுப் பாடத்துக்குப் பணம் கட்டும் முன் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் உதவும். அந்தக் காகிதத்தைக் காட்டி வேறெங்கும் சிலிண்டர் வாங்க முடியாது. இதைச் சொல்லாமல் விற்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கே, எவ்வளவு

இந்தியாவில் ஓபன் வாட்டர் பாடத்துக்கு நான் பார்த்தவரை 25,000 ரூபாயிலிருந்து 40,000 வரை கேட்கிறார்கள். தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். பாடப் பொருளுக்கும் கார்டுக்கும் ஏஜென்சிக்குப் போகிற கட்டணம் உள்ளடக்கமா, வாடகை, படகுச் செலவு சேர்ந்ததா, ஒரு திறன் வராமல் கூடுதல் நாள் தேவைப்பட்டால் தனிக்காசா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு தொகையை, தண்ணீருக்குள் இருக்கப்போகும் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்று பேர் குழுவில் ஐந்து முழுக்குக்கு 35,000 வாங்குகிறவரே, எட்டுப் பேர் குழுவில் நான்கு முழுக்குக்கு 25,000 வாங்குகிறவரைவிட மலிவாக இருக்கக்கூடும்.

தாய்லாந்தின் கோ தாவோ தீவில் மிக அதிகமாகப் புது டைவர்கள் உருவாகிறார்கள். கடைக்குக் கடை போட்டி, விலை குறைவு, கடலும் இதமானது. அங்கே மிகத் தேர்ந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள், தொழிற்சாலைப் பட்டை போல மாணவர்களை ஓட்டுகிற கடைகளும் இருக்கின்றன; மேலே சொன்ன கேள்விகள் அங்கே இரட்டிப்பாகத் தேவை. அந்தமானில் ஹேவ்லாக் (இப்போது சுவராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு) இரண்டிலும் தண்ணீர் தெளிவு. மழைக்காலம் தவிர்த்துப் போகலாம். கர்நாடகத்தில் முருதேஷ்வரிலிருந்து போகும் நேத்ராணித் தீவு அக்டோபரிலிருந்து மே வரை. இலங்கைக்குப் போகிறவர்கள் காலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை. மாற்றிப் போனால் அறையில் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம்.

புதுச்சேரிக் கடல் சில நாள் கலங்கலாக இருக்கும், அலையும் இருக்கும். அங்கே கற்பது வீண் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜோடியைத் தொலைக்காமல் மங்கலான தண்ணீரில் போய்வரக் கற்றவர் தெளிந்த தண்ணீரில் திணறியதை நான் பார்த்ததில்லை. தலைகீழாக நடந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் விளக்கம் கேட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. பயத்தை இங்கிலீஷில் சொல்வது கஷ்டம்.

இன்னொரு வழியும் உண்டு. தியரியையும் குளத்துப் பயிற்சியையும் சென்னையிலோ பெங்களூரிலோ வார இறுதிகளில் நிதானமாக முடித்துக்கொண்டு, நான்கு கடல் முழுக்கை மட்டும் அந்தமானில் செய்யலாம். இதற்கு ரெஃபரல் என்று பெயர். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். விடுமுறையைக் குளத்தில் கழிக்க வேண்டியதில்லை.

அடுத்த கார்டு

நான்காவது முழுக்கு முடிந்து ஈரம் காய்வதற்குள், "அட்வான்ஸ்டும் சேர்த்து முடிச்சிடலாமே, டிஸ்கவுன்ட் தர்றோம்" என்பார்கள். அட்வான்ஸ்ட் என்ற பெயரில் மயங்க வேண்டாம். அது இன்னும் ஐந்து முழுக்கு. ஆழத்துக்கு ஒன்று, திசையறிய ஒன்று, மீதி உங்கள் விருப்பம். மொத்தமே ஒன்பது முழுக்கு போட்ட ஒருவர் 30 மீட்டர் இறங்க அனுமதி பெற்றுவிடுவார். சட்டப்படி சரி. நான் சொல்வது, நடுவில் ஒரு பதினைந்து இருபது முழுக்கு சும்மா போட்டுவிட்டு வாருங்கள். பாடத்துக்குக் கொடுக்கிற பணத்தில் அவற்றைப் போடலாம்.

கார்டுகளிலேயே கொடுத்த காசுக்கு மேல் தருவது எது என்றால், ரெஸ்க்யூ டைவர் என்று தயங்காமல் சொல்வேன். முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதன்பின் பதறுகிற ஆளை எப்படி அணுகுவது, மயங்கியவரை எப்படி மேலே கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் முன்னால் பதற்றம் தொடங்குவதை முகத்தில் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருவார்கள். 14 மீட்டரில் என் தோளைப் பிடித்தவர் அதைத்தான் செய்தார். மிதப்புக் கட்டுப்பாட்டுப் பாடமும் நல்லது, முதல் ஆசிரியர் ஒழுங்காகச் சொல்லித்தராத பட்சத்தில். ஒரே நாளில் மூன்று நான்கு முழுக்கு போடுகிறவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமுள்ள நைட்ராக்ஸ் காற்றுக்கான பாடம் உதவும். படகில் ஏறி இறங்க ஒரு பாடம், மீன்களின் பெயர் தெரிந்துகொள்ள ஒரு பாடம் என்று பட்டியல் நீளும். மீனுக்குப் புத்தகம் வாங்குங்கள், படகுக்குப் படகுக்காரரைக் கேளுங்கள்.

இந்தக் கார்டுகளோடு இலங்கையின் மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் எச்எம்எஸ் ஹெர்மிஸைப் பற்றிக் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். அது கிடப்பது சுமார் 53 மீட்டரில். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். இந்த அத்தியாயத்தில் பேசிய எந்தக் கார்டும் அங்கே போக உதவாது. "ஒண்ணும் ஆகாது, மேல் தளத்தை மட்டும் தொட்டுட்டு வந்திடலாம்" என்று எவராவது சொன்னால், அவர் உங்கள் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்பது அப்போதே தீர்ந்துவிட்டது.

பதிவு செய்யும் முன் கடைசி வேலை: திரும்பும் விமானச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முழுக்கு என்றால் 12 மணி நேரமும், பல முழுக்குகள் அல்லது பல நாள் முழுக்கு என்றால் 18 மணி நேரமும் கழிந்த பிறகே பறக்கலாம் என்பது டைவர்கள் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பரிந்துரை. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். ஹேவ்லாக்கில் மாலை நாலு மணிக்குக் கடைசி முழுக்கு போட்டுவிட்டு மறுநாள் காலை ஏழு மணி விமானத்துக்கு போர்ட் பிளேர் ஓடுகிற நான்கு நாள் பேக்கேஜ்களை இன்னும் விற்கிறார்கள். உங்களுடையது அப்படியா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தள்ளி டிக்கெட் போடுங்கள். அந்தக் கடைசி நாளில் லாக் புக்கை எழுதலாம். என்ன ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை கிலோ ஈயம், எந்த இடத்தில் பயந்தோம் என்று.